குடலில் இருப்பது யாருடைய வைரஸ்?

வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னையில் எந்த மருத்துவரிடம் போனாலும் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "வைரல்தான்மா, மூணு நாள்ல சரியாயிடும். ஓஆர்எஸ் விடாம குடுங்க." பெரும்பாலும் அவர் சொன்னபடியே சரியாகியும் விடுகிறது. எந்த வைரஸ் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டாலும் மருந்துச் சீட்டில் ஒரு வரிகூட மாறாது.

ஆய்வகங்களில் மட்டும் அந்தக் கேள்வியை 50 ஆண்டுகளாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை, கன்றுக்குட்டி, பன்றி, நாய், கோழி, வௌவால், எலி என்று எது கழிந்தாலும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. ஒரு வைரஸைக் கண்டுபிடிப்பது வரவரச் சுலபமாகிவிட்டது. அது யாருடையது, அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறது என்று சொல்வதோ வரவரச் சிக்கலாகிக்கொண்டே போகிறது. 'புதிய வைரஸ் கண்டுபிடிப்பு' என்று செய்தி வரும்போது நாம் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

பெரிய தனியார் மருத்துவமனைகளில் இப்போது ஒரே மல மாதிரியில் 20க்கும் மேற்பட்ட கிருமிகளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை கிடைக்கிறது. அதில் வைரஸ் என்று பார்த்தால் வழக்கமாக ஐந்துதான்: ரோட்டா, நோரோ, ஆஸ்ட்ரோ, சப்போ, அடினோவின் 40, 41ஆம் வகைகள். இவை ஊரறிந்தவை. இவற்றுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. ஜப்பானில் 1989இல் சிப்பி சாப்பிட்டவர்களுக்கு வந்த வயிற்றுக் கோளாறில் பிடிபட்ட ஐச்சி, 2005இல் ஸ்வீடனில் சுவாச மாதிரிகளில் முதலில் தெரிந்து பிறகு மலத்திலும் காணப்பட்ட போக்கா, 2008இல் பாகிஸ்தான் குழந்தைகளிடம் கண்ட கோசா, 2012இல் புர்கினா ஃபாசோவில் கண்ட பூஃபா, இன்னும் சாலி, டோரோ, பிக்கோபிர்னா. இந்த வரிசையில் நிற்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கண்ணால் பார்த்த காலம்

1968இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாக வாந்தியெடுத்தார்கள். பாக்டீரியா எதுவும் சிக்கவில்லை. சேமித்து வைத்திருந்த மாதிரியில், நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் கலந்து 1972இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார் ஆல்பர்ட் கபிகியன். எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டதால் திரண்டு நின்ற சின்னஞ்சிறு உருண்டைகள் தெரிந்தன. இன்றைய நோரோ அதுதான். அடுத்த ஆண்டே மெல்பர்னில் ரூத் பிஷப்பும் அவரோடு வேலை செய்தவர்களும், கடும் வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து கிள்ளியெடுத்த திசுவில் சக்கர வடிவத் துகள்களைப் பார்த்தார்கள். அது ரோட்டா. 1975இல் நட்சத்திர வடிவில் ஆஸ்ட்ரோ வந்தது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. ஒரு மில்லி லிட்டரில் ஏறக்குறைய 10 லட்சம் துகள்களாவது இருந்தால்தான் கண்ணில் படும். கொஞ்சமாக வெளியேறுகிற வைரஸ், உடையக்கூடிய வைரஸ், பார்ப்பதற்குக் குப்பை போலவே இருக்கிற வைரஸ் எல்லாம் தப்பித்துவிடும். செல்களில் வளர்த்துப் பார்க்கலாமே என்றால், குடல் வைரஸ்களில் பல ஆய்வகச் செல்களில் வளரவே மாட்டேன் என்கின்றன. நோரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 2016இல்தான் மேரி எஸ்டெஸ் குழுவினர் மனிதக் குடலின் மூல செல்களிலிருந்து உருவாக்கிய குட்டிக் குடல் திசுவில் அதை வளர்த்துக் காட்டினார்கள். சில ரகங்கள் வளர அதிலும் பித்தநீர் சேர்க்க வேண்டியிருந்தது.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி எல்லா ஊரிலும் கிடைக்கிற பொருள் இல்லை. நம் நாட்டு ஆய்வகங்கள் பலவற்றுக்குக் கைகொடுத்தது ஜெல். கன்றின் கழிச்சலோ குழந்தையின் மலமோ, கொஞ்சம் எடுத்து உப்புக் கரைசலில் கலக்கி, வேகமாகச் சுழற்றிக் கசடைக் கீழே இறக்கி, மேலே தெளிந்த நீரிலிருந்து ஃபீனால் கொண்டு ஆர்என்ஏவைப் பிரிப்பார்கள். அதை ஒரு மெல்லிய ஜெல்லின் பள்ளங்களில் சொட்டுச் சொட்டாக விட்டு, மின்சாரம் பாய்ச்சி மணிக்கணக்கில் ஓடவிடுவார்கள். சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். அப்புறம் வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்தால், வெளிர்மஞ்சள் பின்னணியில் பழுப்புக் கோடுகள் மெல்ல எழும்பி வரும். ரோட்டாவின் மரபணு 11 துண்டுகளாக இருக்கும். பாலூட்டிகளில் பரவலாக உள்ள 'ஏ' பிரிவு ரோட்டா என்றால் அந்தக் கோடுகள் மேலிருந்து கீழாக நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு என்று கொத்துக் கொத்தாக நிற்கும். பழகிய கண்ணுக்கு இந்த நான்கு-இரண்டு-மூன்று-இரண்டு போதும், அறிக்கை எழுதிவிடலாம். செலவும் குறைவு.

ஜெல்லுக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. நாம் தேடாததையும் அது காட்டும். 1988இல் பிரேசிலில் பெரெய்ரா குழுவினர் இப்படி ஜெல் ஓட்டிக்கொண்டிருந்தபோது, மனித மலத்திலும் எலியின் குடலிலும் 11 கோடுகளுக்குப் பதிலாக இரண்டே கோடுகள் தெரிந்தன. இரண்டே துண்டுகளில் மரபணுவை வைத்திருக்கும் இந்தச் சிறு வைரஸுக்குப் பிக்கோபிர்னா என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு இரண்டு கோடு இல்லாத இடமே இல்லை என்றாகிவிட்டது. மாடு, பன்றி, நாய், கோழி, ஒட்டகம், குரங்கு, சாக்கடை நீர் என எங்கும் பிக்கோபிர்னா. இந்தியாவிலும் குழந்தைகளிடமும் கன்றுகளிடமும் பார்த்து எழுதினார்கள். 'வயிற்றுப்போக்குக்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்று 30 ஆண்டுகள் ஆய்வுக் கட்டுரைகள் ஓடின.

இத்தனை விலங்குகளில் கண்டும் ஒரு விலங்குச் செல்லில்கூட அதை யாராலும் வளர்க்க முடியவில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2018இல் கிருஷ்ணமூர்த்தி, டேவிட் வாங் ஆகிய இருவரும் அதன் மரபணு வரிசையைக் கூர்ந்து பார்த்தார்கள். புரதம் செய்யத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வந்தது. புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம், பாக்டீரியாவில் வந்து உட்காருவதற்கான அடையாளம் அது. மனிதச் செல்லுக்கோ மாட்டுச் செல்லுக்கோ அது தேவையே இல்லை. அப்படியானால் பிக்கோபிர்னா தொற்றுவது நம்மை இல்லை, நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவை. 2023இல் டேவிட் வாங்கின் ஆய்வகம் இன்னொரு படி போனது. பிக்கோபிர்னா செய்யும் புரதம் ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் உருவாக்கிப் பார்த்தபோது பாக்டீரியா உடைந்து சிதறியது. இதற்கிடையே, வௌவாலில் கிடைத்த சில பிக்கோபிர்னாக்கள், பூஞ்சைகளில் வாழும் சில வைரஸ்களைப் போலவே, மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பின்) மரபுக் குறியீட்டைப் பயன்படுத்துவதைப் பார்த்து, பூஞ்சைகளும் அதன் வீடாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் 'மாட்டின் வைரஸ்', 'மனிதனின் வைரஸ்' என்று 30 ஆண்டுகள் எழுதியவை எல்லாம் இப்போது மறுவாசிப்புக்கு வந்துவிட்டன.

எல்லாம் தெரிகிற காலம்

இப்போது நிலைமை வேறு. பாக்டீரியாக்கள் எல்லாவற்றிடமும் ஆதார் அட்டை போல ஒரு பொது மரபணு இருக்கிறது, அதை மட்டும் படித்தால் யார் யார் என்று சொல்லிவிடலாம். வைரஸ்களுக்கு அப்படி எந்தப் பொது மரபணுவும் கிடையாது. அதனால் பிசிஆரில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த வைரஸ் மட்டுமே சிக்கும். தெரியாததைப் பிடிக்க வேண்டுமென்றால் மாதிரியில் உள்ள எல்லா மரபணுத் துண்டுகளையும் படித்தாக வேண்டும். மலக் கரைசலை நுண்ணிய வடிகட்டியில் வடித்துப் பாக்டீரியாவை நிறுத்திவிட்டு, வெளியே மிதக்கும் உதிரி டிஎன்ஏவை நொதியால் தின்னவைத்து, வைரஸ் உறைக்குள் பத்திரமாக இருப்பதை மட்டும் எடுத்து, மரபணு எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்சிங் இயந்திரத்தில் கொடுக்கிறார்கள். கோடிக்கணக்கான சிறு வரிகள் வெளியே வரும். கணினி அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி நீளமாக்கி, உலகத் தரவுத்தளங்களில் தேடும்.

ஒரு கிராம் மலத்தில் சுமார் 100 கோடி வைரஸ் துகள்கள் இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஃபேஜ்கள், அதாவது பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்கள். படித்த வரிகளில் கணிசமான பகுதி எந்தத் தரவுத்தளத்தோடும் பொருந்தாது. 2014இல் நடந்ததைப் பாருங்கள். டூட்டில், எட்வர்ட்ஸ் குழுவினர் புதிதாக எந்த மாதிரியும் எடுக்கவில்லை. ஏற்கெனவே பொதுவெளியில் கிடந்த மல மாதிரித் தரவுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தினார்கள். சுமார் 97,000 எழுத்து நீளமுள்ள ஒரு ஃபேஜ் முழுசாக எழுந்து வந்தது. கிராஸ்ஃபேஜ் என்று பெயரிட்டார்கள். உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் குடலில் இருக்கும் ஒன்று, அதுவரை ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. முதலில் கணினித் திரையில் மட்டுமே இருந்த இந்த ஃபேஜின் உறவு ஒன்றை 2018இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்தும் காட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் படிக்கும் இயந்திரத்துக்குத் தகுதி பார்க்கத் தெரியாது. 2006இல் மனித மலத்தில் உள்ள ஆர்என்ஏ வைரஸ்களை முதன்முதலாக முழுசாகப் படித்தபோது, முதலிடத்தில் வந்தது எந்த நோய் வைரஸும் இல்லை. மிளகாய்ச் செடியைத் தாக்கும் பெப்பர் மைல்ட் மாட்டில் வைரஸ்தான் முதலில் நின்றது. மிளகாய் சேர்த்த உணவோடு உள்ளே போய், செரிமானத்தில் அழியாமல் அப்படியே வெளியே வருகிறது. சாம்பார் பொடி, ஊறுகாய், மிளகாய் பஜ்ஜி என்று நாளைத் தள்ளுகிற நம் ஊரில் அது எவ்வளவு வெளியேறும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாதவர் கையில் அறிக்கை கிடைத்தால், 'நோயாளியின் குடலில் கோடிக்கணக்கில் வைரஸ்' என்று பதறலாம். மாட்டின் சாணத்தில் புல்லின் வைரஸும், பூனையின் மலத்தில் அது தின்ற எலியின் வைரஸும் வருவதும் இப்படித்தான்.

சாப்பாட்டையாவது ஊகித்துவிடலாம், சாமான்களை எப்படிச் சந்தேகிப்பது? சீனாவில் காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி நோயாளிகளின் ரத்தத்தில் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டதாக 2013இல் கட்டுரை வந்தது. மதிப்புமிக்க ஆய்விதழ், நேர்த்தியான தரவு. சில மாதங்களிலேயே அமெரிக்காவில் இன்னொரு குழு அதே வைரஸ் தங்கள் மாதிரிகளில் எல்லாம் இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டது. நோயாளி மாதிரியே இல்லாமல் வெறும் தண்ணீரை விட்டாலும் அது வந்தது. கடைசியில், மரபணுவைப் பிரித்தெடுக்கப் பயன்படும் சின்ன பிளாஸ்டிக் குழாய்களுக்குள் இருக்கும் சிலிக்காவில்தான் அந்த வைரஸின் டிஎன்ஏ ஒட்டியிருந்தது என்று தெரிய வந்தது. அந்தச் சிலிக்கா கடலின் நுண்பாசிகளிலிருந்து வந்திருக்கலாம், வைரஸ் அந்தப் பாசியுடையதாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். அன்றிலிருந்து வெறும் தண்ணீரையும் ஒரு மாதிரியாக எண்ணி முழுப் பரிசோதனைக்கும் உட்படுத்தாத கட்டுரையை நான் நம்பிப் படிப்பதில்லை.

அங்கே இருந்ததாலேயே குற்றவாளியா?

வைரஸ் உண்மையிலேயே மனிதனுடையது என்றே வைத்துக்கொள்வோம். அது நோயைத் தருகிறதா என்பது வேறு கேள்வி. கோசா வைரஸைக் கண்டது திடீர் வாதம் வந்த பாகிஸ்தான் குழந்தைகளின் மலத்தில். போலியோவுக்கு உறவான வைரஸ், நோயாளிக் குழந்தைகள், கதை பொருந்துகிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே பகுதியின் ஆரோக்கியமான குழந்தைகளையும் சோதித்தார்கள். அங்கும் ஏறக்குறைய அதே அளவு கோசா. ஆரோக்கியமான குழந்தைகளைச் சோதிக்காமல் விட்டிருந்தால் ஒரு புதிய வாத நோய்க் கிருமி அன்றே பிறந்திருக்கும்.

இந்த விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. மால்-எட் என்ற பன்னாட்டு ஆய்வு எட்டு ஊர்களில் குழந்தைகளைப் பிறந்தது முதல் இரண்டு வயது வரை தொடர்ந்து கவனித்தது. அந்த எட்டில் வேலூரும் ஒன்று. வயிற்றுப்போக்கு வந்த நாளில் மட்டுமல்லாமல், ஒன்றும் இல்லாத நாள்களிலும் மாதாமாதம் மலத்தைச் சேகரித்தார்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் மலத்திலும் கிருமிகள் தாராளமாக இருந்தன, பல சமயம் ஒன்றுக்கு மேற்பட்டவை. வயிற்றுப்போக்கு நாளில் எது கூடுதலாக வருகிறது, எவ்வளவு அதிகமாக வருகிறது என்று அளந்த பிறகுதான் ரோட்டா, நோரோ, ஆஸ்ட்ரோ போன்றவற்றின் பங்கை உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதிலும் ஆஸ்ட்ரோ எதிர்பார்த்ததைவிடப் பெரிய ஆளாக எழுந்து நின்றது.

இன்னும் சிக்கலான கதை 2022இல் நடந்தது. ஏப்ரலில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த சிறு குழந்தைகளுக்குக் கடுமையான கல்லீரல் அழற்சி, சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே தேவைப்பட்டது. பலரது ரத்தத்தில் குடல் வைரஸான அடினோ 41 இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று செய்திகள் பறந்தன. ஆனால் கல்லீரல் திசுவில் அடினோவின் அடையாளமே சரியாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் படிக்கும் முறையில் தேடியபோது ஏஏவி2 என்ற இன்னொரு சிறு வைரஸ் ஏராளமாக வந்தது. தனியாகப் பெருகத் தெரியாத வைரஸ் அது, அடினோ போல ஒரு துணை வேண்டும். இதுவரை யாருக்கும் நோய் தராதது என்று பாடநூல்களில் எழுதப்பட்டது. பாதிக்கப்பட்ட குழந்தைகளில் மிகப் பலரிடம் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்புச் சக்தி மரபணு வகையும் இருந்தது. ஆக, ஒரு குடல் வைரஸ், அதன் முதுகில் ஏறி வந்த இன்னொன்று, குழந்தையின் மரபணு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நோய் என்ற விளக்கத்தை 2023இல் வெளியான ஆய்வுகள் முன்வைத்தன. அடினோ 41ஐ மட்டும் பிடித்து வழக்கை மூடியிருந்தால் பாதி உண்மையோடு நின்றிருப்போம்.

எல்லா வைரஸும் கெடுதல் செய்யவே உட்கார்ந்திருக்கிறது என்றும் இல்லை. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடல் சுவர் மெலிந்து, எதிர்ப்புச் சக்தி முதிராமல் இருக்கும். பாக்டீரியாவைக் கொடுத்தால் தேறும். பாக்டீரியாவுக்குப் பதிலாக எலிகளின் நோரோ வைரஸை மட்டும் கொடுத்தாலும் அந்தக் குறை பெருமளவு சரியாகிறது என்று 2014இல் காட்டினார்கள். எலி வேறு, நாம் வேறு என்பது சரி. ஆனாலும் 'மலத்தில் வைரஸ் இருக்கிறது, அழிக்க வேண்டும்' என்று பாய்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மாடும் நாயும் மனிதனும்

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் தெருவில் மாடு நிற்காத நாள் குறைவு. சென்னையின் எந்தத் தெருமுனையிலும் நாய்கள் உண்டு. ஒரே தெருவில் மாட்டுச் சாணமும், நாயின் கழிவும், மழைக்காலத்தில் பொங்கும் சாக்கடையும், அதே நீரில் காலை வைத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும். வைரஸ்கள் வீடு மாற இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டாம்.

மாட்டிலிருந்து மனிதனுக்கு வந்ததற்குத் தென்னிந்தியாவிலேயே எழுதப்பட்ட சான்று இருக்கிறது. ஒரே குடலில் இரண்டு ரோட்டாக்கள் ஒரே நேரத்தில் புகுந்தால், அந்த 11 துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள முடியும். பெங்களூரில் பிறந்த குழந்தைகளிடம் 1980களில் கிடைத்த ரோட்டா ஒன்றின் பெரும்பாலான துண்டுகள் மாட்டு ரோட்டாவுடையவை. அந்தக் குழந்தைகளுக்கு நோய் எதுவும் இல்லை. பின்னாளில் வேலூரில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பரவிய ஜி10பி11 என்ற ரகமும் அதே வழியில் வந்ததுதான். அங்கே சில குழந்தைகளுக்கு நோய் வந்தது, சிலருக்கு வரவில்லை. இந்தப் 'பி11' ரகங்கள் ஏன் பச்சிளங்குழந்தைகளையே தேடிப் போகின்றன? அவற்றின் மேற்புறப் புரதம் பிடித்துக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலி, பிறந்த குழந்தையின் குடலில்தான் முதிராத வடிவில் அதிகம் இருக்கிறது. குழந்தை வளர வளர அந்தச் சங்கிலி மாறிவிடுகிறது, வைரஸுக்குப் பிடி கிடைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. டெல்லியில் நோயின்றி இருந்த பச்சிளங்குழந்தைகளிடம் 1980களில் கிடைத்த 116இ என்ற ரோட்டாவில் மனித ரோட்டாவின் துண்டுகளோடு மாட்டு ரோட்டாவிலிருந்து வந்த ஒரு துண்டும் இருந்தது. பாரத் பயோடெக் தயாரிக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்துக்கு அதுதான் விதை. 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்த தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14 வாரங்களில் குழந்தையின் வாயில் ஐந்து சொட்டாக விடப்படுவது அதுதான். மாடும் மனிதனும் வைரஸ் பகிர்ந்துகொள்வது என்றாலே பீதி கிளப்புபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்குப் 'பார்வோ' என்றால் விளக்கம் தேவையில்லை. வேப்பேரிக் கால்நடை மருத்துவமனையில் ரத்தக் கழிச்சலோடு துவண்டு, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் குட்டியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பூனை இனத்தைத் தாக்கும் ஒரு வைரஸின் உறவு, மேலுறையில் சில அமினோ அமிலங்கள் மாறியதால் நாயின் செல்லைத் திறக்கும் சாவி கிடைத்து, 1978இல் உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவிலிருந்து இதைப் பற்றி வந்த தொடக்க கால அறிக்கைகளில் ஒன்று 1982இல் சென்னையின் கால்நடை ஆய்வாளர்கள் எழுதியது. பார்வோவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் முழுசாகத் தடுப்பூசி போட்ட நாய்க்கும் கழிச்சல் வருகிறது, பார்வோ பரிசோதனை இல்லை என்கிறது. இங்கேதான் பெயர் தெரியாதவர்கள் உள்ளே வருகிறார்கள். நாய்களின் கோபு வைரஸ் 2011இல் தெரிந்தது, சர்க்கோ 2012இல், பூஃபா 2018இல். இவை நோயுற்ற நாய்களிடமும் இருக்கின்றன, வாலாட்டிக்கொண்டு ஓடும் நாய்களிடமும் இருக்கின்றன. பார்வோவோடு சேர்ந்து வந்தால் நோயைக் கடுமையாக்குகின்றனவா என்பதில்தான் இப்போது ஆர்வம்.

இந்தப் பகுதியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மனித மாதிரி சுகாதாரத் துறைக்குப் போகிறது, மாட்டு மாதிரி கால்நடைத் துறைக்குப் போகிறது. கிண்டியில் 100 ஆண்டுகளுக்கு மேல் பழைய கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் ஒரே நகரத்தில். ஒரே தெருவில், ஒரே வாரத்தில், குழந்தையிடமும் அந்த வீட்டு மாட்டிடமும் மாதிரி எடுத்து, ஒரே இயந்திரத்தில் படித்தால்தான் எது எங்கிருந்து எங்கே போனது என்று சொல்ல முடியும். புதிய பெயர்களைச் சேர்ப்பதற்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை, ஒரு நோயும் இல்லாத குழந்தைகளிடமும் கன்றுகளிடமும் மாதிரி எடுப்பதற்குச் செலவழித்தால் பலன் அதிகம் என்பது என் கணக்கு. செய்தியாகாது, அதுதான் சிக்கல்.

சாக்கடை சொல்லும் சேதி

நகரம் முழுவதையும் ஒரே குப்பியில் பிடிக்க வேண்டுமென்றால் கழிவுநீர்தான் வழி. கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்து சேரும் நீரில் இந்த நகரத்தின் குடல் முழுவதும் இருக்கிறது. போலியோவைத் தேட மும்பையில் 2001இலேயே சாக்கடை நீரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவ்ராவில் கண்டறியப்பட்ட பிறகும் இந்தச் சோதனை நிற்கவில்லை. ஒரு குழந்தைக்கு வாதம் வருவதற்குள், பல நூறு குழந்தைகள் அறிகுறியே இல்லாமல் வைரஸை வெளியேற்றியிருப்பார்கள் என்பதுதான் காரணம்.

மேலே சொன்ன இரண்டு பெயர்கள் இங்கே வேலைக்கு வருகின்றன. கிராஸ்ஃபேஜ் பெரும்பாலும் மனிதக் குடலுக்கே உரியது என்பதால், ஒரு வாய்க்காலில் அது அதிகமாக இருந்தால் கலந்தது மாட்டுச் சாணமா, வீட்டுக் கழிவா என்று பிரித்துச் சொல்லலாம். மழைநீர் வடிகாலில் யார் வீட்டு இணைப்பு கள்ளத்தனமாக வந்து சேர்கிறது என்ற நம் பழைய தகராறுக்கு இது நல்ல சாட்சி. மிளகாய் வைரஸோ அளவுகோலாகிவிட்டது. மழையில் சாக்கடை நீர்த்துப்போனால் எல்லா வைரஸும் குறைவாகத் தெரியும். அப்போது மிளகாய் வைரஸும் அதே விகிதத்தில் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக் கணக்கைச் சரிசெய்கிறார்கள். கொரோனா காலத்தில் பல நாடுகளில் இப்படித்தான் செய்தார்கள்.

பெயர் தெரியாத வைரஸ்களைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பதற்கும் போலியோவே பதில் வைத்திருக்கிறது. வாய்வழிச் சொட்டு மருந்து பணக்கார நாடுகளில் வேலை செய்த அளவுக்கு இந்தியக் குழந்தைகளிடம் வேலை செய்யவில்லை என்பதை வேலூரின் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே எடுத்துக் காட்டினார். ஏன் என்று கண்டுபிடிக்க அதே வேலூரில் பின்னாளில் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்துப் பார்த்தார்கள். சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை. மருந்து கொடுத்த நேரத்தில் குடலில் போலியோவின் உறவுகளான வேறு எண்டெரோ வைரஸ்கள் இருந்த குழந்தைகளிடம்தான் பலன் குறைவாக இருந்தது. யாருக்கும் நோய் தராமல், யாரும் பெயர் கேட்காமல் உட்கார்ந்திருந்தவை, ஒரு தடுப்பு மருந்துக்கு இடம் கொடுக்காமல் நின்றிருக்கின்றன.

சரி, கையில் அந்தப் பெரிய பிசிஆர் அறிக்கையோடு நிற்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது? அதில் இரண்டு மூன்று பெயர்களுக்கு நேரே 'பாசிட்டிவ்' என்று இருந்தால் பதற வேண்டாம். நோரோ போன்றவை குணமான பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறும். எனவே அறிக்கையில் இருப்பது போன மாதத்து விருந்தாளியாகவும் இருக்கலாம். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம். ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதும், மருத்துவர் எழுதும் துத்தநாக மருந்தை 14 நாளும் நிறுத்தாமல் கொடுப்பதும், தாய்ப்பாலைத் தொடர்வதும் போதும். குழந்தை சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ, கண் குழிந்து சோர்ந்து போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வைரஸின் பெயர் எதுவாக இருந்தாலும்.

இதற்கு விலக்கானவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களும், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகளும்தான். சென்னை மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கை குறைவில்லை. அவர்களுக்கு நோரோ மாதக்கணக்கில் தங்கி உடலை உருக்கும். ஆஸ்ட்ரோவின் புதிய கிளைகளான எம்எல்பி, விஏ ஆகியவை 2008, 2009இல்தான் தெரிய வந்தன. வேலூர்க் குழந்தைகளின் மலத்திலும் 2009இலேயே இவற்றைக் கண்டார்கள். பழைய ஆஸ்ட்ரோவுக்காகச் செய்த பிசிஆரில் இவை சிக்குவதில்லை. விஏ1 குடலோடு நிற்பதும் இல்லை. பிறவி எதிர்ப்புக் குறைபாடு கொண்ட 15 வயதுச் சிறுவன் ஒருவனின் மூளைத் திசுவில் அது இருந்ததை 2010இல் எழுதினார்கள், அதன் பிறகு இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மூளைக்காய்ச்சலாக மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. இவர்களில் ஒருவருக்குக் காரணம் தெரியாமல் மூளைக்காய்ச்சல் வந்து, வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் 'நெகட்டிவ்' என்று வந்தால், அந்த ஐந்து பெயர்களோடு நிற்காமல் எல்லாவற்றையும் படிக்கும் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று குடும்பத்தார் மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.